மாளிகையின் அழகும் மறைந்த கைகளும்

இலக்கியம் என்றவுடன் காவியம், கவிதை, நாடகம், நாவல் ஆகியவையே நம் நினைவுக்கு வருகின்றன. வீடு விற்போர் வெளியிடும் விளம்பரத்தை எவரும் இலக்கியத்தோடு சேர்த்து எண்ணுவதில்லை. ஆயினும் கவிஞனுக்குக் கிட்டாத வாசகர் கூட்டம் அவ்விளம்பரத்துக்குக் கிட்டுகிறது. கவிதையைப் போலவே அதுவும் சொல்லைத் தேர்கிறது. காட்சியைக் கண்முன் நிறுத்துகிறது. உள்ளத்தில் ஆசையை எழுப்புகிறது. சொல்லால் ஆசையை எழுப்பும் எதுவும் ஆராய்ச்சிக்கு உரியதே. ஆகவே மாளிகை வருணனை என்னும் இவ்வகை எழுத்தின் நயத்தையும் குற்றத்தையும் ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

தென் இத்தாலியின் நாட்டுப்புறத்தில், மலைச்சாரலில் நிற்கும் எழில் மாளிகை ஒன்று விற்பனைக்கு வருகிறது என்று கொள்வோம். அத்தகைய மாளிகைக்கு எழுதப்படும் ஆங்கில விளம்பரம் ஒன்றைப் படித்தவர், அவ்வகையில் உள்ள அனைத்தையும் படித்தவராவார். சாரல் முழுதும் ஒலிவ மரங்கள், அவற்றினூடே எலுமிச்சையின் மணம், தொலைவிலே நீலக்கடல், நூற்றாண்டுகளைக் கண்ட கற்சுவர், வெயிலைத் தணிக்கும் வளைவு மண்டபம், இவை யாவற்றையும் சூழ்ந்து நிற்கும் அமைதி. சொற்கள் அளவானவை; இனிமையானவை. சம்பளக் கணக்கும் சரக்குக் கணக்கும் எழுதிக் கைசலித்த தோட்டத்துக் கிராணிமாரும், கடைத்தெருவில் நாள் முழுதும் நின்று களைத்த நகரத்து அன்பரும், அதைப் படிக்குங்கால் அரை நாழிகை அம்மாளிகையிலேயே வாழ்ந்துவிடுகிறோம். அது அவ்வெழுத்தின் வெற்றி. அதை மறுப்பதற்கில்லை.

வெற்றி பெற்ற எழுத்தையே நாம் அதிகமாகக் கேள்வி கேட்டல் வேண்டும். அந்த ஒலிவ மரங்களை நட்டவர் யார்? சாரலை வெட்டிப் படிப்படியாக்கிக் கல்லடுக்கியவர் யார்? வளைவு மண்டபத்தின் முதற்கல்லை வைத்த கொத்தன் எவன்? அவன் உறங்கிய இடம் எது? விளம்பரம் இவற்றுள் ஒன்றுக்கும் விடை கூறாது. அங்கே மரங்கள் தாமே முளைக்கின்றன. சுவர்கள் தாமே எழுகின்றன. அது மட்டுமா? அது பெருமையோடு விற்கும் 'அமைதி' எப்படி வந்தது என்று எண்ணிப் பாருங்கள். 19-ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் தென் இத்தாலியின் ஏழை உழவர்கள் இலட்சக்கணக்கில் தங்கள் ஊரை விட்டு, கப்பலேறி அமெரிக்கக் கண்டங்களுக்குச் சென்றார்கள். நிலம் அவர்களுக்குச் சொந்தமாயில்லை, கூலியும் போதவில்லை. மக்கள் போனபின் ஊரில் எஞ்சியது எதுவோ அதற்கே இன்று அமைதி என்று பெயர் வைத்து விலை கூறுகிறார்கள். ஆள் ஒழிந்த லயங்களைப் பேராக் மாநிலத்தின் பழைய ரப்பர்த் தோட்டங்களிலே கண்டவர்களுக்கு அந்த அமைதியின் பொருளை நாம் விளக்க வேண்டியதில்லை.

இரு கருத்தாக்கள்

நம் இலக்கணம் கற்றவர் ஒன்றை அறிவர். மூன்றாம் வேற்றுமைக்குரிய பொருள்களுள் கருத்தா என்பது ஒன்று. அக்கருத்தா இருவகைப்படும். ஒருவன் பிறரை ஏவிச் செய்விப்பானாயின் அவன் ஏவுதற் கருத்தா. தன் கையால் தானே செய்வானாயின் அவன் இயற்றுதற் கருத்தா. அரசனால் கட்டப்பட்ட கோயில் என்பது முன்னதற்கும், தச்சனால் கட்டப்பட்ட கோயில் என்பது பின்னதற்கும் காட்டாகப் பள்ளியிலே சொல்லித் தரப்படுகின்றன. கோயில் ஒன்றே, அதை ஆக்கியவர் இருவர். ஒருவரைச் சொல்லி மற்றவரைச் சொல்லாது விடுவது பாதி உண்மை என்பதைத் தமிழ் இலக்கணம் நமக்கு இளமையிலேயே கற்பித்துவிட்டது.

மாளிகை வருணனை என்னும் எழுத்துவகையின் பெருங்குற்றம் இதுவே: அது ஏவுதற் கருத்தாவை மட்டும் அறியும். இன்னார் கட்டினார், இன்னார் வாழ்ந்தார், இன்னார் விற்றார் என்று ஏவினவரின் வரலாறு வரிசையாக வரும். இயற்றினவர் வருமிடத்தில் 'கட்டப்பட்டது', 'அமைக்கப்பட்டது', 'இழைக்கப்பட்டது' என்ற செயப்பாட்டு வினைகள் திரையாக வந்து நிற்கும். இதை அறநெறிக் குற்றம் என்று மட்டும் நாம் கூறவில்லை. எழுத்தின் குற்றம் என்றே கூறுகிறோம். எழுவாயை மறைத்த வாக்கியம் எவ்வளவு இனிமையாயினும் குறைவாக்கியமே.

உரோமரும் தமிழரும்

இக்குற்றம் நேற்று வந்ததன்று. 'வில்லா' என்ற சொல்லே உரோமருடையது. அவர்களுடைய நாட்டுப்புற மாளிகைகள் அடிமைகளின் உழைப்பால் நடந்தவை. கி.மு. 2-ஆம் நூற்றாண்டிலே வாழ்ந்த காட்டோ என்பவர் வேளாண்மை பற்றி ஒரு நூல் எழுதினார். தோட்ட உரிமையாளன் தனக்கு வேண்டாதவற்றை விற்றுவிடவேண்டும் என்று அறிவுரை கூறும் அவர், கிழ எருதையும் பழைய வண்டியையும் அடுக்கி, அதே மூச்சில் கிழ அடிமையையும் நோயுற்ற அடிமையையும் அப்பட்டியலிலே சேர்க்கிறார். கொடுமையே எனினும் ஒளிவுமறைவு அற்ற கொடுமை அது. அடிமை அங்கே பண்டமாகவேனும் கண்ணுக்குத் தெரிகிறான்.

ஏறத்தாழ 250 ஆண்டுகளுக்குப் பின் வந்த பிளினி என்பவர் நாகரிகம் மிக்கவர். அழகிய நடைக்குப் பேர் போனவர். உரோமுக்கு அருகே கடற்கரையில் இருந்த தமது மாளிகையைப் பற்றி நண்பருக்கு அவர் எழுதிய கடிதம், இன்றைய விற்பனை விளம்பரங்களுக்கெல்லாம் பாட்டனார் எனத்தகும். எந்த அறையில் காலை வெயில் வரும், எந்தச் சாளரத்தில் அலையோசை கேட்கும், எந்தத் திண்ணையில் காற்று வீசும் என்று நயம்பட எழுதிச் செல்கிறார். அடிமைகள் தங்கும் பகுதியும் ஓரிடத்தில் வருகிறது. எதற்காக? அவ்வறைகளுட் பெரும்பாலானவை விருந்தினரைத் தங்கவைக்கும் அளவுக்குத் துப்புரவானவை என்று சொல்வதற்காக! நடை வளர்ந்தது, மனிதன் மறைந்தான். காட்டோவின் முரட்டு வாக்கியத்திலிருந்து பிளினியின் மெல்லிய வாக்கியத்துக்கு வந்ததை நாகரிகம் என்று கொண்டாடுவோர் இந்த இழப்பையும் கணக்கில் எழுதட்டும்.

இனி நம்மவரைப் பார்ப்போம். நெடுநல்வாடையில் பாண்டிமாதேவியின் அரண்மனை வருணிக்கப்படுகிறது. நக்கீரர் அரண்மனையின் அழகில் மயங்கித் தொடங்கவில்லை. அது எழுந்த விதத்திலிருந்து தொடங்குகிறார். நிழல் சாயாத நண்பகலில் திசையைக் குறித்து, நூலறிந்த சிற்பியர் கயிறிட்டு அளந்து மனை வகுக்கின்றனர். கதவின் பொருத்துவாய்களை இடைவெளியின்றி இறுக்கியவன் கைத்தொழில் வல்ல கம்மியன் என்கிறார். அரசியின் கட்டிலுக்குரிய தந்தம் நாற்பதாண்டு நிரம்பிய யானையினுடையது என்றும், அதைக் கூரிய உளியால் செதுக்கியவன் தொழில் வல்லவன் என்றும் கூறுகிறார். இங்கே அரசியும் இருக்கிறாள். உளி பிடித்தவனும் இருக்கிறான்.

மணிமேகலையில் சோழனது பூஞ்சோலையில் உள்ள மண்டபத்தைச் சொல்லவந்த சாத்தனார், மகத நாட்டு வினைஞர், மராட்டக் கம்மியர், அவந்தி நாட்டுக் கொல்லர், யவனத் தச்சர் ஆகியோர் தமிழ் வினைஞரோடு கூடி அதைச் செய்தனர் என்று, தொழிலாளர் இன்ன நாட்டினர், இன்ன தொழிலினர் என்று வகைப்படுத்திச் சொல்கிறார். தஞ்சைப் பெரிய கோயிலுக்குச் செல்வோர் இராசராசன் பெயரோடு, குஞ்சரமல்லன் இராசராசப் பெருந்தச்சன் என்று அக்கோயிலை வகுத்த தச்சன் பெயரும் கல்வெட்டில் இருப்பதைக் காணலாம். அங்குப் பணிபுரிந்த ஆடல் மகளிர் 400 பேரின் பெயர்களும் அதே கோயிற் சுவரிலே வெட்டப்பட்டிருக்கின்றன.

பழமை அனைத்தும் பொன் என்று நாம் கூறவரவில்லை. கல்லிழுத்தவன் பெயரும் மண் சுமந்தவள் பெயரும் தஞ்சையிலும் இல்லை. மன்னனைப் புகழ்ந்த புலவர்களும் மன்னனிடம் பரிசில் பெற்றவர்களே. ஆயினும் இயற்றுதற் கருத்தாவுக்கு ஓரிடம் தரவேண்டும் என்னும் உணர்வு அவர்களுடைய எழுத்திலே இருந்தது. அந்த மரபில் வந்த நாம் இன்று எப்படி எழுதுகிறோம், எப்படிப் படிக்கிறோம் என்பதே கேள்வி. அதற்கு இத்தாலிவரை செல்ல வேண்டியதில்லை. நம் பேராக் மாநிலத்திலேயே மேட்டின்மேல் ஒரு மாளிகை நிற்கிறது.

பத்து காஜாவின் மாளிகை

ஈப்போவிலிருந்து ஏறத்தாழ 20 கிலோ மீட்டர் தொலைவில், பத்து காஜாவுக்கும் கோப்பெங்குக்கும் இடையே, சுங்கை ராயா என்னும் சிற்றாற்றின் அருகே நிற்கும் கெல்லி கோட்டையை அறியாதார் இப்பகுதியில் இலர். அதைப் பற்றிச் சொல்லப்படும் கதையும் யாவரும் அறிந்ததே. ஸ்காத்லாந்தில் 1870-இல் பிறந்த வில்லியம் கெல்லி ஸ்மித் தமது இருபதாம் வயதில் மலாயாவுக்கு வந்தார். சார்லஸ் ஆல்மா பேக்கர் என்பவரோடு சேர்ந்து சாலை போடும் ஒப்பந்த வேலையில் பொருளீட்டினார். கிந்தாவில் 1,000 ஏக்கர் காட்டை வாங்கி ரப்பர் பயிரிட்டு, தாம் பிறந்த ஊரின் நினைவாகக் கிந்தா கெல்லாஸ் என்று பெயரிட்டார். முதலில் ஒரு வீடு கட்டிக் குடியிருந்தார். 1915-இல் மகன் பிறந்தபின் அதனருகே பெரிய மாளிகையைத் தொடங்கினார். ஆறு மாடிக் கோபுரம், மலாயாவின் முதல் மின்தூக்கி, மேல்மாடியில் விருந்து முற்றம், உள்ளேயே பந்தாட்ட அரங்கு என்று திட்டங்கள் விரிந்தன. செங்கல்லும் சலவைக்கல்லும் இந்தியாவிலிருந்து வந்தன. சென்னையிலிருந்து 70 தொழிலாளர் வரவழைக்கப்பட்டனர். 1918-இல் உலகெங்கும் பரவிய நச்சுக் காய்ச்சல் இங்கும் வந்து தொழிலாளர் பலரைக் கொன்றது. 1926 டிசம்பரில் கெல்லி ஸ்மித் லிஸ்பன் நகரில் நுரையீரல் அழற்சியால் தமது 56-ஆம் வயதில் இறந்தார். மனைவி ஆக்னஸ் சொத்தை ஹாரிசன்ஸ் அண்டு கிராஸ்ஃபீல்டு என்னும் ஆங்கிலக் கம்பெனிக்கு விற்றுவிட்டார். மாளிகை முற்றுப்பெறவேயில்லை.

வழிகாட்டி நூல்களும் செய்தித்தாள்களும் இக்கதையை மூன்று விதமாகச் சொல்கின்றன. மூன்றையும் தனித்தனியே நோக்குவோம்.

முதலாவது காதற்கதை. மனைவியின் மேல் கொண்ட அன்பினால், மகன் மேல் கொண்ட ஆசையினால், ஊர் ஏக்கத்தினால் ஒருவர் எழுப்பிய கனவு இது என்பர். இருக்கலாம். கெல்லி ஸ்மித்தின் அன்பை ஐயுற நமக்குக் காரணமில்லை. ஆனால் ஊர் ஏக்கம் என்பது துரைக்கு மட்டும் உரிய சரக்கா? சென்னையிலிருந்து கடல் கடந்து வந்த அந்த எழுபது பேருக்கும் ஊர் ஒன்று இருந்திருக்கும். தமது ஏக்கத்தைச் செங்கல்லாக்க அவர்களிடம் பொருளில்லை. பிறருடைய ஏக்கத்தைச் செங்கல்லாக்கும் வேலையே அவர்களுக்குக் கிடைத்தது. காதற்கதையை எழுதுவோர் இந்த இரண்டாவது ஏக்கத்தைத் தொட்டிருந்தால் அக்கதை பன்மடங்கு உயர்ந்திருக்கும்.

இரண்டாவது பேய்க்கதை. இருட்டறை, மறைபடி, சுரங்கவழி, இரவிலே உலவும் உருவம் என்று இவை பெருகுகின்றன. பகுத்தறிவுடையோர் பேயை நம்பார் என்பது ஒருபுறமிருக்கட்டும். இக்கதைகளில் பெரும்பாலும் உலவுவது யார் என்று பாருங்கள்: துரையும் துரையின் குடும்பத்தாருமே. நச்சுக் காய்ச்சலில் மாண்ட தொழிலாளி இரவில்கூட வருவதில்லை. பேயாக வரும் பேறும் மாளிகைக்காரருக்கே உரியது போலும்! மூடநம்பிக்கையிலும் மேல்கீழ் உண்டு என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

மூன்றாவது கட்டடக்கலைப் புகழ்ச்சி. ஸ்காத்லாந்தின் கோபுரமும், மூர்களின் குதிரைலாட வளைவும், இந்தியச் செங்கல் வேலையும் கலந்தது என்று அறிஞர் கூறுவர். மூன்றனுள் இதுவே ஓரளவு பயனுடையது. எனினும் இதுவும் கலப்பின் பெருமையை ஏவினவருடைய சுவைக்கே எழுதிவிடுகிறது. வளைவு ஒன்றைச் செங்கல்லால் எழுப்புவது எப்படி என்று கொத்தனாரைக் கேளுங்கள். முதலில் மரச்சட்டத்தால் வளைவின் வடிவத்தைத் தாங்கி நிறுத்தவேண்டும். இரு பக்கமும் சமமாகக் கல் ஏறிவர வேண்டும். உச்சியில் வைக்கும் கல் இரு பக்கத்தையும் இறுக்கிப் பூட்டவேண்டும். அதன் பின்னரே சட்டத்தை எடுக்கலாம். ஒரு விரற்கடை பிசகினாலும் வளைவு விரியும். வரைபடத்தில் ஒரு கோடாக இருந்ததை நூறாண்டு நிற்கும் வளைவாக்கியது அந்தக் கையின் அறிவு. அதைக் 'கைவேலை' என்று ஒரு சொல்லில் முடித்துவிட்டு, கோடு போட்டவரை மட்டும் கலைஞர் என்பது நடுநிலையாகாது.

இங்கே ஒரு வியப்பைக் குறிப்பிட வேண்டும். முற்றுப்பெற்ற மாளிகைகளில் பூச்சு வந்து செங்கல்லை மூடிவிடும். கெல்லி கோட்டையோ முற்றுப்பெறாதது. பல சுவர்களில் பூச்சில்லை. செங்கல் வரிசை வரிசையாக, அடுக்கு அடுக்காகத் தெரிகிறது. எங்கே கொத்தன் கல்லைத் திருப்பி வைத்தான், எங்கே பாதிக்கல் வைத்து வரியைச் சரிசெய்தான் என்பதை இன்றும் பார்க்கலாம். குறை என்று பலரும் இரங்கும் அந்த முற்றுப்பெறாமையே இம்மாளிகையின் உண்மை. நம் மக்களுடைய கையெழுத்து மூடப்படாமல் நிற்கும் ஏடு அது. அதைப் படிக்கத் தெரிந்தவர் வேண்டும்.

எழுபது என்ற எண் கதையில் இருக்கிறது. ஆனால் எழுபது பெயர் இல்லை. எந்த ஊர், எந்தக் குலத்தொழில், யார் மாண்டார், யார் திரும்பினார், 1926-இல் வேலை நின்றபோது எஞ்சியவர் எங்கே போனார்? இக்கேள்விகளை எழுப்பாமல் கடந்துசெல்லும் எந்த நூலையும் கெல்லி கோட்டையின் வரலாறு என்று ஏற்க இயலாது. கெல்லியின் வரலாறு என்று வேண்டுமானால் ஏற்கலாம்.

சுவரில் எழுதிய மதிப்புரை

தொழிலாளர் தம் தரப்பில் ஒன்றுமே சொல்லவில்லையா? சொல்லியிருக்கிறார்கள். காய்ச்சல் பரவியபோது அவர்கள் துரையிடம் ஒரு கோயில் கட்டித்தர வேண்டினர்; அவரும் இசைந்தார். மாளிகையிலிருந்து சிறிது தொலைவில் அம்மாரியம்மன் கோயில் உள்ளது. அதில் தெய்வ உருவங்களின் வரிசையிலே, மேனாட்டு உடையும் தொப்பியும் அணிந்த உருவம் ஒன்று நிற்கிறது. அது கெல்லி ஸ்மித்தின் உருவம் என்பர்.

காய்ச்சலுக்குக் கோயில் மருந்தாகுமா என்றால் ஆகாது. 1918-ஆம் ஆண்டுக் காய்ச்சல் கோயில் உள்ள ஊரையும் இல்லாத ஊரையும் ஒன்றாகவே வாரிக்கொண்டது. இந்தியாவில் மட்டும் ஒரு கோடிக்கு மேற்பட்டோர் மாண்டனர். மருத்துவனும் மருந்தும் நல்ல தண்ணீரும் கேட்கவேண்டிய இடத்தில் கோயில் கேட்டார்களே என்று சீர்திருத்த அன்பர் வருந்துவர். அவ்வருத்தம் நியாயமே. ஆனால் கேட்டவர்களுடைய நிலையையும் எண்ண வேண்டும். அக்காலத்தில் இந்நோய்க்கு உரிய மருந்து உலகில் எந்த மருத்துவனிடமும் இல்லை. அடுத்த படுக்கையில் கிடந்தவன் பிணமாகிறான். நாளை தன் முறை. அந்நிலையில் தமக்குத் தெரிந்த மொழியில், தமக்குத் தெரிந்த ஒன்றை அவர்கள் கேட்டார்கள். கேட்டு, அதைத் தம் கையாலேயே கட்டினார்கள். மாளிகை அவர்களுக்கு ஏவப்பட்டது. கோயிலைக் கட்ட ஏவியதும் அவர்கள், இயற்றியதும் அவர்களே.

அவ்வுருவத்தையும் இலக்கியமாகவே படிக்கலாம். நன்றி என்பது ஒரு பொருள். தஞ்சையும் மதுரையும் கோயிலுக்குப் பொருள் தந்தோரின் சிலைகளைத் தூணிலும் மண்டபத்திலும் வைத்த மரபின் தொடர்ச்சி என்பது மற்றொரு பொருள். மூன்றாவது பொருளே நம்மைச் சிந்திக்க வைப்பது. துரையின் மாளிகையிலே தொழிலாளிக்கு உருவம் இல்லை. தொழிலாளியின் கோயிலிலே துரைக்கு உருவம் இருக்கிறது. ஏவினவனை இயற்றினவன் மறக்கவில்லை. அவ்வெழுபது பேரும் தமது ஒரே நூலில் இரண்டு கருத்தாக்களையும் சேர்த்தே எழுதிவிட்டார்கள். கல்வியறிவு மிக்க நாம் எழுதும் நூல்கள் அந்த நேர்மையை இன்னும் எட்டவில்லை.

விலைப்பத்திரத்தில் இல்லாதவர்

மாளிகை விற்கப்பட்டபோது தோட்டமும் விற்கப்பட்டது. தோட்ட விற்பனைப் பத்திரம் எப்படி இருக்கும் என்பது ஆபீசில் வேலைசெய்வோருக்குத் தெரியும். எத்தனை ஏக்கர், எந்த ஆண்டு நட்ட மரம், பால் உறையவைக்கும் ஆலை, புகைக்கூடு, மேட்டின்மேல் துரையின் பங்களா, பள்ளத்தில் லயம் இத்தனை கதவு. மரத்துக்கு வயது எழுதுவார்கள். கதவுக்கு எண் எழுதுவார்கள். அக்கதவுக்குப் பின்னே இருந்தவருக்கு ஒன்றும் எழுதுவதில்லை. அவர்களுடைய பெயர்கள் இருந்த ஒரே ஏடு செக்ரோல். காலையில் பெரட்டுக்கு வந்தவர், வராதவர் என்று கிராணியார் குறியிட்ட அந்த ஏடு, சம்பளம் போட்டதும் பயனற்றதாகி, பல இடங்களில் கறையானுக்கு உணவாயிற்று.

இவ்வெழுத்தின் விளைவு எழுத்தோடு நிற்பதன்று. நாட்டின் விடுதலையை ஒட்டிய ஆண்டுகளில் ஐரோப்பியரின் தோட்டங்கள் பல துண்டு துண்டாக விற்கப்பட்டன. மூன்று தலைமுறை வாழ்ந்த மக்கள் வேலையும் வீடும் இழந்து வெளியேறினர். பத்திரத்தில் பெயரில்லாதவன் விற்பனை நாளன்று வீதியில் நிற்பது இயல்பன்றோ? அந்நாளிலே நம் பேராக்கின் சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த துன் வீ. தி. சம்பந்தன் முன்னின்று, 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தோட்டம் தோட்டமாகச் சென்று, தொழிலாளரிடம் சிறுதொகையாகப் பங்குப் பணம் சேர்த்து, விற்பனைக்கு வந்த தோட்டங்களை அவர்கள் பெயராலேயே வாங்குவது அதன் நோக்கம். கெடாவின் புக்கிட் சிடிம் தோட்டம் அவ்வாறு முதலில் வாங்கப்பட்டது. இயற்றுதற் கருத்தாவின் பெயர் விலைப்பத்திரத்தில் ஏறியதற்கு அது ஓர் எடுத்துக்காட்டு. நம் பிள்ளைகள் கெல்லி கோட்டையைச் சுற்றிப் பார்க்கும் நாளில் இதையும் உடன் சொல்லித் தரவேண்டும்.

இத்தாலியிலும் இதுபோன்ற படிப்பினை உண்டு. முசோலினியின் ஆட்சி 1935-இல் கார்லோ லெவி என்னும் எழுத்தாளரைத் தென் இத்தாலியின் வறண்ட மலைநாட்டுக்கு நாடுகடத்தியது. அவர் அங்கே மலைக்காய்ச்சலாலும் வறுமையாலும் வாடிய உழவரோடு பழகி, 1945-இல் ஒரு நூல் வெளியிட்டார். கிறிஸ்து எபோலியோடு நின்றுவிட்டார் என்பது அதன் பெயர். அதே பகுதியிலுள்ள மத்தேரா நகரில் மக்கள் கால்நடைகளோடு குகைவீடுகளில் வாழ்ந்தது நாட்டுக்கே இழுக்கு என்று கருதப்பட்டு, 1950-களில் அவர்கள் வேறிடத்தில் குடியேற்றப்பட்டனர். அக்குகைகள் இன்று செல்வர் தங்கும் விடுதிகள். கல் மாறவில்லை, அதைப் பற்றிய சொல் மாறியது. ஆனால் லெவியின் நூல் இருப்பதனால், அங்கே தங்கச் செல்பவர் விளம்பரத்தை மட்டும் நம்ப வேண்டியதில்லை. ஒரு நல்ல நூல் ஓர் ஊருக்குச் செய்யக்கூடிய காவல் இதுவே.

செய்யத்தக்கது

அத்தகைய காவலை நம் எழுத்தாளரும் செய்ததுண்டு. சயாம் மரண ரயில் பாதையிலே மாண்ட தோட்ட மக்களை ஆர். சண்முகமும் அ. ரெங்கசாமியும் தம் நாவல்களிலே மறவாது பதித்தனர். கெல்லி கோட்டைக்கும், நம் மாநிலத்தின் ஒவ்வொரு மேட்டுப் பங்களாவுக்கும், கீழிருந்து மேல்நோக்கி எழுதப்பட்ட நூல் ஒன்று வேண்டும். துரையை ஏசும் நூலன்று நாம் கேட்பது. ஏசுவது எளிது, ஏச்சில் துரைதான் மறுபடியும் கதைத்தலைவனாவான். செங்கல் அடுக்கியவனும், சாந்து குழைத்தவனும், நோயில் வீழ்ந்தவனும், எஞ்சி நின்று பால்மரம் சீவியவளும் எழுவாயாக வரும் வாக்கியங்களே வேண்டும்.

அதற்குக் கருவி நம் கைக்கெட்டும் தூரத்தில் உள்ளது. பழைய தோட்ட ஆபீசுகளில் எஞ்சிய ஏடுகள், கோயில் நன்கொடைப் பலகைகள், இடுகாட்டுக் கற்கள், தோட்டப் பள்ளியின் வருகைப் பதிவுகள் ஆகியவற்றிலே பெயர்கள் உறங்குகின்றன. எண்பது வயது கடந்த பாட்டிமாரும் தாத்தாமாரும் இன்னும் சிலர் நம்மிடையே உள்ளனர். படித்த இளைஞர் ஒருவர், ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒரு முதியவரிடம் அமர்ந்து, 'உங்க அப்பா யாரு, எந்த ஊரிலேருந்து வந்தாரு, எந்த லயத்திலே இருந்தீங்க?' என்று கேட்டு எழுதிக்கொண்டால் போதும். ஆங்கிலம் படித்து ஆபீசில் அமர்ந்திருக்கும் கிராணிமார் இதில் முந்தவேண்டும். ஏடும் எழுதுகோலும் பல ஆண்டுகளாக அவர்கள் கையில்தானே இருந்து வருகின்றன?

மண்டபம் கட்டிய வினைஞரை வகைவகையாகச் சொன்ன மணிமேகலையின் அதே காதையில்தான், மணிமேகலை சோழ மன்னனிடம் சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக்கும்படி வேண்டுகிறாள். அவனும் அவ்வாறே செய்கிறான். சுவர் அதே சுவர். உள்ளே இருப்பவரும் அதன் நோக்கமும் மாறிவிடுகின்றன. கெல்லி கோட்டையை இடிக்கவும் வேண்டாம், அதன் அழகைப் பழிக்கவும் வேண்டாம். கிந்தா சமவெளியை நோக்கி நிற்கும் அவ்வளைவுகள் அழகியவையே. அவற்றை அழகாக்கிய கைகளின் பெயர்களைத் தேடி, கிடைத்தவரை அம்மாளிகையின் வாயிலிலே தமிழிலும் மலாயிலும் ஆங்கிலத்திலும் பொறிக்குமாறு உரியவர்களை நாம் கேட்டல் வேண்டும். எழுபதில் ஏழு பெயரே கிடைத்தாலும் அவ்வேழும் பொறிக்கப்படட்டும். பத்து காஜா, கோப்பெங் வட்டாரத்து இளைஞர் மன்றத்தார் இப்பணியைக் கையிலெடுப்பார்களாக.